சிவப்பு டின்னும் ஜூட்டின் வயரும்

வள்ளங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் எங்கள் பட்டறைக்குப் புதிதாக வருகிற எவருக்கும் முதல் நாளே இரண்டு விஷயங்கள் சொல்லப்படும். அலுமினியத்தைக் கழுவக் கிணற்றுத் தண்ணீரைத் தொடக் கூடாது. அலுமினிய வள்ளத்தின் பக்கம் சிவப்பு டின்னைக் கொண்டுபோகவே கூடாது. இரண்டையும் கண்டுபிடித்தவன் நான் என்றும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். முதலாவது உண்மைதான். இரண்டாவதை நான் கண்டுபிடிக்கவில்லை. அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போதைய முதலாளி, பழைய முதலாளி ஹாஜியாரின் மகன், என்னிடம் கேட்டது வேறு. "நானா, நீங்க வாயால சொல்ல மாட்டீங்க. எழுதியாவது தாங்க. எப்படி உரசுற, எத்தின கோட் அடிக்கிற, எவ்வளவு நேரம் காயவிடுற எண்டு" என்றார். எங்கள் பக்கம் அண்ணனை நானா என்போம். அதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் எழுதத் தேவையில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை எல்லாம் வெளியேற்றியபோது என் புத்தகப் பை அங்கேயே கிடந்தது. புத்தளத்து முகாமில் பள்ளிக்கூடம் இருந்தது; நான் போகவில்லை. உப்பளத்தில் மூடை தூக்கினேன், பிறகு கற்பிட்டி வீதியில், கடல் தரைக்குள் புகுந்து தேங்கிய களப்பின் ஓரம் இருக்கும் இந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். சேர்த்தவர் பெரிய ஹாஜியார். இந்த ஊரில் சொந்தக்காரன் என்று யாருமில்லாத ஒருவனைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டார். அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. மறக்காததுதான் பின்னால் எனக்குக் கேடாகவும் வந்தது.

எங்கள் உம்மா முகாமில் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: "இது அவங்கட ஊர். நாங்க வந்து குந்தியிருக்கிறவங்க. கண்டதுக்கும் வாயத் தொறக்காத." இயல்பிலேயே கூச்சக்காரனான எனக்கு அந்தப் பேச்சு நன்றாகப் பொருந்திப்போனது. பட்டறையில் என் பெயரையே யாரும் கேட்கவில்லை. 'மன்னார்' என்றுதான் கூப்பிடுவார்கள். "மன்னார், பிரஷ் எங்க? மன்னார், ஊமையா நீ?" என்பார்கள். நான் சிரிப்பேன்.

யுத்தம் முடிந்த பிறகுதான் அலுமினிய வள்ளங்கள் எங்களிடம் வரத் தொடங்கின. களப்பில் தண்ணீர் ஆழமில்லை. தீவுகள் பலவற்றில் இறங்குதுறை கிடையாது. வள்ளத்தை மணலில் இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். அலுமினியம் பாரம் குறைவு என்பதால் இரண்டு பேர் இழுத்துவிடலாம். அதனால் நிவாரணம் கொடுத்தவர்கள் அதைக் கொடுத்தார்கள். ஆனால் அந்தத் தகட்டில் பெயின்ட் நிற்கவில்லை. நாங்கள் அடித்த பெயின்ட் மூன்று மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கொப்புளத்தை உடைத்தால் உள்ளே வெள்ளைத் தூள்.

எல்லோரும் பெயின்ட் கொம்பனியைத் திட்டினார்கள். ஹாஜியார் கொம்பனியை மாற்றினார். மறுபடியும் கொப்புளம். ஒரு நாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் உடையாத ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்தி, கசிந்த துளியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பெயின்ட்டில் நஞ்சு இருக்கிறது. அது உப்புக் கரித்தது. வள்ளம் ஓடுவது உப்புத் தண்ணீரில், உப்புக் கரிப்பதில் என்ன அதிசயம் என்று முதலில் தோன்றியது. பிறகுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. தண்ணீருக்கே போகாமல் பட்டறையில் கிடந்த ஒரு கதவுத் தகட்டிலும் இதே கொப்புளம் இருந்தது. அப்படியென்றால் உப்பு நாங்கள் போட்டது. உரசிய பிறகு தகட்டைக் கழுவுவது எங்கள் கிணற்றுத் தண்ணீரில். பக்கத்துக் காணியில் இறால் பண்ணை வந்த பிறகு அந்தக் கிணறு கரித்துப்போயிருந்தது. நாங்கள் சுத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டு உப்பைப் பூசி, அதன்மேல் பெயின்ட் அடித்து மூடிக்கொண்டிருந்தோம்.

இதை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடிப்பதற்கு விற்கும் பில்ட்டர் தண்ணீரில் இரண்டு கேன் வாங்கி வந்தேன். அடுத்த வள்ளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் அதில் கழுவினேன். ஹாஜியார் கண்டுவிட்டார்.

"டேய், இங்க வந்து பாருங்கடா! நாங்க குளிக்கிறது கிணத்துத் தண்ணி, இவன் வள்ளத்துக்குக் குடுக்கிறது பில்ட்டர் தண்ணி! ஒன்ட கலியாணத்துக்காவது இப்படிக் குளிச்சியாடா, மன்னார்?"

பட்டறையே சிரித்தது. நான் மறு பக்கத்தை வழக்கம்போலக் கிணற்றுத் தண்ணீரில் கழுவப் போனேன். ஆறு மாதம் கழித்து அந்த வள்ளம் திரும்பி வந்தபோது ஒரு பக்கம் கொப்புளம், மறு பக்கம் கண்ணாடி மாதிரி. ஹாஜியார் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். அன்றிலிருந்து வாரத்துக்கு இருபது கேன் பில்ட்டர் தண்ணீர் பட்டறைக்கு வரத் தொடங்கியது. "மன்னார் சொன்னா சரியா இரிக்கும்" என்று வருகிறவர்களிடம் சொல்லத் தொடங்கினார்.

நான் ஒன்றும் சொன்னவனில்லை. கையால் செய்து காட்டினேன், அவ்வளவுதான். அதில் எனக்கு ஒரு தவறான தைரியம் வந்துவிட்டது. வேலையைச் சரியாகச் செய்தால் போதும், வாய் தேவையில்லை என்று நம்பினேன். இந்தத் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய பிழை அந்த நம்பிக்கைதான். வேலை தன் பேச்சைப் பேச ஆறு மாதம் எடுக்கும். சில நேரம் நமக்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது.

இனி சிவப்பு டின்.

வள்ளத்தின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க ஒரு பெயின்ட் அடிப்போம். சிவப்பு டின்னில் வருவதில் செம்பு கலந்திருக்கும். மர வள்ளத்துக்கும் பைபர் வள்ளத்துக்கும் அதைப்போல நல்லது வேறில்லை. அலுமினியத்துக்கு அது ஆகாது. இதை எனக்குக் காட்டியவர், சில மாதங்கள் மட்டும் எங்களோடு வேலை செய்த ஒரு சிங்கள மேஸ்திரி, பாஸ் என்போம், சிலாபத்துக்காரர். ஒரு கிளாசில் களப்புத் தண்ணீரை எடுத்து, அதில் ஒரு துண்டு அலுமினியத்தையும் ஒரு துண்டு செம்புக் கம்பியையும் ஒன்றாகச் சுற்றிப் போட்டு ஜன்னலில் வைத்தார். தம்பி என்பதை அவர் சிங்களத்தில் மல்லி என்பார். "மல்லி, பார்த்துக்கொள். செம்பு இருக்குதானே, அது அலுமினியத்தச் சாப்பிடும். பசி வந்தா நிக்காது" என்றார். சில வாரத்தில் தகடு அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி ஆகிவிட்டது. அதன் பிறகு எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அலுமினியத்துக்கென்று செம்பில்லாத பெயின்ட் தனியாக உண்டு. அதைக் கொழும்பிலிருந்து எடுப்பிப்போம்.

உச்சமுனைத் தீவில் மரியதாஸ் என்று ஒருவர் இருந்தார். மீன்பிடியை விட்டுவிட்டு, தீவுக்கும் கற்பிட்டிக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்கும் வள்ளம் ஓட்டினார். நல்ல அலுமினிய வள்ளம். எஞ்சின் பிடிப்பது அவருடைய மகன் ஜூட். இருபத்திரண்டு வயது இருக்கும். கை சும்மா இருக்காத பையன். தீவில் அப்போது கரண்ட் இல்லை. ஜூட் ஒரு பற்றரியை வள்ளத்தில் வைத்து, வயர் இழுத்து, ஆட்கள் போகிற வழியில் போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஆறு இடம் செய்து வைத்திருந்தான். சனம் மற்ற வள்ளங்களை விட்டுவிட்டு இதற்குக் காத்து நிற்கும். "அவன் படிச்சிருந்தா இஞ்சினியர், தம்பி" என்று மரியதாஸ் அண்ணன் என்னிடம் சொல்வார். "படிக்காததால எனக்கு மகனா இருக்கிறான்."

ஒரு வருடம் கோயில் திருநாளுக்கு முன் வள்ளத்தைக் கொண்டுவந்தார்கள். அடியெல்லாம் சிப்பி. உரசிக் கழுவி, அடிப்பூச்சான பிரைமர் ஒரு கோட் அடித்து முடித்தேன். அலுமினியத்துக்கான பெயின்ட் தீர்ந்துபோயிருந்தது.

"கொழும்புல இருந்து வரவேணும்" என்றார் ஹாஜியார்.

"ஐயோ, திருநாளுக்குச் சனம் வரப்போகுது. நான் வள்ளத்த இங்க வச்சிட்டு என்ன செய்றது?" என்றார் மரியதாஸ் அண்ணன்.

அப்போது பட்டறையில் ஒரு பெயின்ட் கொம்பனியின் விற்பனையாளர் நின்றிருந்தார். கழுத்துப்பட்டி கட்டியவர், நல்ல மனிதர், எல்லோருக்கும் டொபி மிட்டாய் கொடுப்பார். "ஏன் யோசிக்கிறீங்க, ஹாஜியார்? கீழ பிரைமர் இருக்குதானே. பிரைமர் இருந்தா செம்பு அலுமினியத்தத் தொடாது. சிவப்பே அடிங்க" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. வள்ளம் எப்போதும் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருந்தால், பிரைமரும் கனமாக மூன்று நான்கு கோட் இருந்தால், கொஞ்ச காலம் தாக்குப்பிடித்திருக்கலாம். ஆனால் உச்சமுனையில் வள்ளம் ஒரு நாளைக்கு நான்கு தரம் மணலில் ஏறி இறங்கும். ஒரு கோட் பிரைமர் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். தேய்ந்த இடத்தில் வெறும் தகடு, பக்கத்திலேயே செம்பு, சுற்றிலும் உப்புத் தண்ணீர். கொழும்பிலிருந்து வந்தவருக்கு அந்த மணல் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "என்ன மன்னார், அடிப்போமா?"

இதை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். என்னை யாரும் மிரட்டவில்லை. வாயை மூடு என்று சொல்லவில்லை. என்னைக் கேட்டார்கள். வேண்டாம் என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் ஹாஜியார் அதைத் தட்டியிருக்க மாட்டார். எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். படித்தவர் ஒருவர் சரி என்று சொல்லிவிட்டார். அவருக்கு மறுப்புச் சொல்ல வேண்டும் என்றால் கிளாஸ், கம்பி, மணல் என்று எல்லாவற்றையும் நான் விளக்கிச் சொல்ல வேண்டும். "முதலாளி சொல்றபடி" என்றேன்.

அன்று பின்னேரமே சிவப்பு அடித்தோம். என் கையால்தான் அடித்தேன். விளிம்புகளில் நன்றாக இழுத்து, ஒரு சொட்டு வடியாமல் அடித்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

எட்டு மாதம் கழித்து வள்ளத்தை இழுத்து வந்தார்கள். நடுக்களப்பில் ஆட்களோடு போகும்போது உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது. பயணிகள் சட்டியாலும் செருப்பாலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே கரை சேர்ந்திருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் நான் வள்ளத்தின் கீழே படுத்து அடியைச் சுரண்டினேன். மணலில் உரசுகிற முன் பாகம் முழுவதும் குழி. குழிகளுக்குள் வெள்ளைத் தூள். ஊசியை வைத்தால் மறு பக்கம் போனது. பிறகு பின் பக்கம் போனேன், ஜூட்டின் வயர் தகட்டில் பூட்டியிருந்த இடத்துக்கு. அந்த ஆணியைச் சுற்றித் தகடு புதிதுபோல இருந்தது. ஒரு தழும்பும் இல்லை.

ஆகவே எனக்குச் சந்தேகம் இருந்ததென்று நான் சொல்ல முடியாது. அவர்கள் திரும்பி வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

எல்லோரும் வந்து குனிந்து பார்த்தார்கள். ஹாஜியாரின் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். கொஞ்ச நேரம் சுற்றி நடந்தார். பிறகு பின் பக்கத்தில் நின்றார்.

"இதென்ன வயர்? யார் பூட்டின?"

"நான்தான், ஹாஜியார்" என்றான் ஜூட்.

"பற்றரிட வயர வள்ளத்துத் தகட்டுலயா பூட்டின? அல்லாஹ்! மரியதாஸ், ஒங்கட மகன்ட வேலயப் பாருங்க. கரண்ட் பாஞ்சு தகட்டத் தின்னிரிக்கி. எங்கட பெயின்ட் என்ன செய்யும்?"

அதிலும் ஒரு உண்மை உண்டு. பற்றரியைப் பிழையாகப் பூட்டினால் அலுமினியம் அரிக்கும். தொழில் தெரிந்த எவரும் ஒத்துக்கொள்வார்கள். அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு நன்றாக நின்றது.

மரியதாஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க சொல்லுங்க. கரண்ட்டால இப்படி வருமா?"

"கரண்ட்டாலயும் வரும்" என்றேன்.

ஜூட் என் பக்கத்தில் வந்து குந்தினான். "நானா, வயர் பூட்டின இடத்தப் பாருங்க. அங்க ஒண்டுமே இல்லையே. ஓட்டையெல்லாம் முன்னுக்குத்தானே இருக்கு. கரண்ட் எண்டா இங்கதானே முதல்ல தின்னவேணும்?"

இருபத்திரண்டு வயதுப் பையன், இந்தத் தொழிலைப் படிக்காதவன், சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டான். அவன் விரல் வைத்த இடத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குனிந்து சுரண்டியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சிவப்பைத் துணியால் துடைத்தேன்.

மரியதாஸ் அண்ணன் வயரைப் பிடுங்கி இழுத்தார். சார்ஜ் ஏற்றுகிற பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. அந்த வயராலேயே மகனை அடித்தார். வளர்ந்த பையனை, பட்டறை முழுவதும் பார்த்து நிற்க. "சனத்தக் கொல்லப் பார்த்தியேடா! உன்ர விளையாட்டுக்கு என்ர வள்ளமா கிடைச்சது?" ஜூட் கையை உயர்த்தவில்லை. அடி விழும்போதெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடித்தகடு முழுவதையும் மாற்ற வேண்டும். அது அவருக்கு முடியாத காரியம். ஒரு மாதம் வள்ளம் பட்டறையில் கிடந்தது. பிறகு முந்தல் ஊரில் இருந்து பழைய உலோகம் வாங்குகிறவர்கள் வந்து அதை வெட்டித் துண்டு துண்டாக லொறியில் ஏற்றினார்கள். மரியதாஸ் அண்ணன் மறுபடியும் அடுத்தவர் வள்ளத்தில் வலை இழுக்கப் போனார். ஜூட்டோடு அவர் கதைப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். ஜூட் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, மன்னார்ப் பக்கம் கடலட்டை எடுக்க ஆழத்தில் மூழ்கிச் சுழியோடுகிறவர்களோடு சேர்ந்துகொண்டான்.

அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நல்ல பிள்ளையாக வேலை செய்தேன். ஒரே தகட்டில் இரண்டு துண்டு வெட்டி, இரண்டுக்கும் பிரைமர் அடித்து, இரண்டையும் மணலில் தேய்த்து, ஒன்றுக்குச் சிவப்பும் மற்றதுக்குச் செம்பில்லாததும் அடித்துக் களப்பில் தொங்கவிட்டேன். எனக்குத் தெரிந்ததையே மறுபடி தெரிந்துகொள்ள. சிவப்புத் துண்டு குழி விழுந்து வந்தபோது அதை ஹாஜியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

"இனிமே அலுமினியத்துக்குச் சிவப்பு அடிக்காத" என்றார். பிறகு கதவை ஒருக்களித்துவிட்டு, "நடந்தது நடந்துட்டுது. வெளிய கதைக்காத, மன்னார்" என்றார்.

பட்டறையில் கதைக்காதே என்று என்னிடம் ஒருவர் சொன்னது அது ஒரு முறைதான். அதற்கு முன்னும் பின்னும் நானாகவே கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு பிரைமரை நான்கு கோட் ஆக்கினேன். மணலில் உரசுகிற அடிப்பக்கத்துக்குத் தனியாகத் தடித்த பூச்சு ஒன்று சேர்த்தேன். எங்கள் பெயர் நீர்கொழும்பு வரைக்கும் போனது. நீங்கள் இன்று பூசுகிற முறை அதுதான். அதில் எந்தப் பிழையும் இல்லை, தயக்கமில்லாமல் செய்யுங்கள். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

இரண்டு வருடம் போயிருக்கும். எஞ்சின் திருத்த வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். ஜூட் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டதாம். புத்தளம் ஆஸ்பத்திரி, பிறகு கொழும்பு என்று கொண்டுபோயும் சரிவரவில்லையாம். உச்சமுனையில் வீட்டோடு கிடக்கிறானாம். எனக்குக் கையிலிருந்த பிரஷை என்ன செய்வதென்று தெரியவில்லை. அதைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் வேலைக்கு வந்தேன்.

அப்போதும் நான் போகவில்லை. ஹாஜியார் உயிரோடு இருக்கும்வரை எப்படிப் போவது, சோறு போட்டவரைக் காட்டிக்கொடுப்பதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது விசுவாசம் இல்லை, பயம். ஹாஜியார் மௌத்தானார். அடக்கம் செய்ய அவருடைய ஜனாஸாவைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதற்குள் இரண்டு டின் கலந்து விசிறும் பெயின்ட்டின் ஆவி என் நெஞ்சைப் பிடித்துவிட்டது. பெயின்ட் பக்கமே போகாதே என்று டாக்டர் சொன்னார். நாற்பத்தைந்து வயதில் வேலை முடிந்தது. முகமூடி போடாமல் ஸ்ப்ரே பிடிக்காதீர்கள். கூச்சப்பட்டு முகமூடி கேட்காமல் இருந்தவன் சொல்கிறேன். வேலையும் இல்லை, ஹாஜியாரும் இல்லை என்ற பிறகு சாக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. உச்சமுனைக்குப் போனேன்.

மரியதாஸ் அண்ணன் வாசலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அட, மன்னார்த் தம்பி! வாங்க, வாங்க. கதிரையில இருங்க" என்றார். உள்ளே கட்டிலில் ஜூட் சாய்ந்து இருந்தான். மடியில் ஒரு பழைய ரேடியோவைத் திறந்து வைத்துத் திருத்திக்கொண்டிருந்தான். கை மட்டும் பழையபடி சும்மா இருக்கவில்லை. அப்பனும் மகனும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஆனால் தேநீர் கொண்டுவந்து வைத்தபோது அவர் மகனின் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனதைக் கண்டேன்.

வழி முழுக்க என்ன சொல்வதென்று பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். அங்கே எல்லாம் மறந்துபோனது. "அண்ணன், வள்ளத்தத் தின்னது வயர் இல்ல. நான் அடிச்ச சிவப்பு பெயின்ட்" என்றேன். "எனக்கு அண்டைக்கே தெரியும். அடிக்க முந்தியும் தெரியும்."

மரியதாஸ் அண்ணன் வலையைப் பொத்துகிற ஊசியைக் கையில் வைத்தபடி நின்றார். என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகனைத்தான் பார்த்தார். அவனுடைய முகத்தையில்லை, போர்வைக்குள் கிடந்த கால்களை. பிறகு வெளியே போய்விட்டார்.

ஜூட் ரேடியோவை மூடி ஓரமாக வைத்தான்.

"இப்ப ஏன் வந்து சொன்னீங்க, நானா?"

பதிலுக்குக் காத்திராமல் அவனே தொடர்ந்தான்.

"எனக்குத் தெரியும், அது என்ர வயர் இல்ல எண்டு. எனக்கு நீங்க சொல்லத் தேவையில்ல. அப்பா என்னில கோபமா இருந்தார். அந்தக் கோபத்தாலதான் இவ்வளவு காலமும் எழும்பி நடந்து திரிஞ்சார். என்ர பிழையால நான் இப்படிக் கிடக்கிறன் எண்டு நினைச்சார். இனி அவர் என்னத்த நினைக்கிறது?"

"மன்னிச்சுக்க, ஜூட்."

"அது கிடக்கட்டும்." அவன் கதவுப் பக்கம் பார்த்தான். தூரத்தில் அவர் கரையில் மணலில் உட்காருவது தெரிந்தது. "போய் அவரோட இருங்க."

"நான் போய் என்னத்தக் கதைக்கிற?"

"ஒண்டும் கதைக்க வேணாம். உங்களுக்குத்தான் அது நல்லா வருமே. போங்க. எனக்கு எழும்பிப் போக ஏலாது."

நான் எழும்பிப் போனேன். அவரிடமிருந்து ஒரு கை தூரத்தில் மணலில் இருந்தேன். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, வயர் பிடித்து அடித்த அந்தக் கையை மற்றக் கையால் அழுத்திப் பிடித்தபடி இருந்தார். கற்பிட்டிக்குப் போகிற வள்ளம் வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் இருவரும் அங்கேயே இருந்தோம்.